தக்காளி என்னும் சொல்லின் வரலாறு முழுமையடையாமல் போனது

உலகெங்கும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், குறிப்பாகப் பாலக்கோடு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருப்பவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: 1987ஆம் ஆண்டு, சொல்லாய்வுச் செம்மல் கிருஷ்ணப்பன் மேடையேறி ஒரு சொல்லுக்கு ஆதியில் பொருள் இன்னதென்று சொன்னால், அந்தச் சொல்லுக்குரிய பண்டமும் ஆதிக்கே திரும்பிவிடும். அரிசி மில்லுக்குப் பின்னாலிருந்த குடோனில், மொழி வரலாற்றுக் கழகத்தின் சார்பில், சனிக்கிழமைதோறும் அவருடைய ஆய்வுச் சொற்பொழிவு நடந்தது. முதல் வாரம், நாற்றம் என்றால் முற்காலத்தில் நறுமணம் என்றார். மறுநாள் காலை பஸ் நிலையக் கழிப்பறைச் சுவர் மல்லிகையாய் மணத்தது. பயணிகள் அங்கேயே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். இரண்டாம் வாரம், எண்ணெய் என்பது எள்நெய் மட்டுமே என்று நிறுவினார். ஊரிலிருந்த கடலை எண்ணெயெல்லாம் நல்லெண்ணெயாக மாறியதில் பெண்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் மண்ணெண்ணெயிலும் அந்தச் சொல் ஒளிந்திருந்ததால் ஸ்டவ் எதுவும் பற்றவில்லை. டீசலுக்குத் தமிழில் யாரும் பெயர் வைக்காததால் பஸ்கள் தப்பின. மூன்றாம் வாரம், கழகம் என்றால் சூதாடுமிடம் என்று செம்மல் அருளினார். செயலாளர் குப்புராஜின் சட்டைப்பையிலிருந்து தாயக்கட்டை தானாக உருண்டு விழுந்தது. விடிவதற்குள் நிர்வாகக் குழு தன் நாற்காலிகள் அத்தனையையும் தோற்றது. நான்காம் வாரம் சபையோர் கோணிப்பையில் உட்கார்ந்தார்கள்.

நான்காம் வாரத்து நோட்டீஸைத் தக்காளி பயிரிட்டிருந்த ராஜமேரி இரண்டு முறை படித்தாள். 'தக்காளி: ஒரு சொல்லின் வேர்' என்று போட்டிருந்தது. கிணறு வற்றிய வருஷம் அது. ஒரு மைல் தள்ளியிருந்த போர்வெல்லிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து அவள் காப்பாற்றிய தோட்டத்தில் இருபது கூடைப் பழம் சிவந்து நின்றது; ஞாயிறு காலைச் சந்தைக்கு அது போக வேண்டும். செம்மலின் ஆராய்ச்சிப்படி, தக்காளி என்பது வேலியோரத்தில் காய்க்கும் மிளகளவுப் பழத்தின் பெயர். சீமைப் பழம் பின்னால் வந்து அதை அபகரித்துக்கொண்டதாம். சனிக்கிழமை மதியமே போய் அவரைப் பிடித்தாள்.

"அந்த ஒத்த சொல்ல மட்டும் வுட்டுடுங்க ஐயா. கத்திரிக்காயப் பத்திப் பேசுங்களேன்."

பக்கத்தில் நின்ற கத்திரிக்காய்க்கார பச்சியப்பன், "ஏம்மே, என் பொழப்புல கைய வெக்கறயே" என்றான்.

"அம்மையீர், ஆய்வு சந்தைக்கு அடிபணியாது" என்று சொல்லிவிட்டுச் செம்மல் இரண்டாவது இளநீரைக் குடித்தார்.

சாயங்காலம் ராஜமேரி மடியில் ஒரு பழத்தோடு முன்வரிசைக் கோணியில் உட்கார்ந்தாள். செம்மல் தொண்டையைச் செருமி, "தக்காளி எனும் சொல்" என்று ஆரம்பித்ததும் பழம் எலுமிச்சை அளவுக்கு வந்தது. "தொன்மையில்" என்றதும் கொட்டைப்பாக்கு. அவள் எழுந்து நின்றாள்.

"ஒரு சந்தேகமுங்க. சொற்பொழிவு சொற்பொழிவுன்னு நோட்டீஸ்ல போடறீங்களே, அதுல பொழிவுன்னா என்னாங்க?"

வேர் கேட்டால் வாய் மூடத் தெரியாதவர் அவர். முகம் மலர்ந்து, "நல்ல வினா! பொழிதல் மழைக்கே உரிய சொல். வானம் பொழியும், மனிதன் வெறுமனே பேசுவான்" என்றார். குடோன் கூரைக்குள்ளிருந்து மழை கொட்டத் தொடங்கியது. வெளியே சொட்டுக்கூட இல்லை. குறிப்பேட்டின் மை கரைந்து வேட்டியில் வழிந்தது. வாய் நிறையத் தண்ணீரோடு இன்னும் இரண்டு வாக்கியம் முயன்றார், ஒன்றும் விளங்கவில்லை. மேற்கோள் என்று நினைத்து இருவர் கைதட்டினார்கள். ராஜமேரியின் மடியிலிருந்த பழம் பழைய அளவுக்கு ஊதியது. செம்மல் பொன்னாடையைப் பிழிந்துகொண்டு தருமபுரி பஸ் ஏறினார்.

மழை நிற்கவில்லை. பஞ்சாயத்தில் கூடிப் பேசி, வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறை வைத்து, குப்புராஜைக் குடையோடு வாசலில் நிறுத்தினார்கள். அந்தக் கோடையை ஊர் அப்படித்தான் தாண்டியது. குடோனுக்குள் மழை என்பதை யாரும் அதிசயமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வரிசையில் செல்லி என்பவள் குறுக்கே புகுந்ததைப் பற்றித்தான் பேச்சு.

ஆனால் அந்தச் சொற்பொழிவுக்கு மறுநாள் சந்தைக்கு வெளியூர்த் தக்காளி லாரி லாரியாக வந்து குவிந்ததில், கேட்பாரில்லாமல், ராஜமேரி இருபது கூடையையும் ரோட்டோரம் மாடுகளுக்குக் கொட்டிவிட்டு வீடு திரும்பினாள்.