மோதிரம் போடாத விரல்கள்

பதினோரு வருஷமா தினம் காலையில ஈயச் சுவருக்குப் பின்னால நின்னு நோயாளிங்களைப் படம் எடுக்கறதுக்கான கதிரியக்க மருந்தை ஊசியில ஏத்தறேன். வலது கட்டைவிரல்ல தோல் வெடிச்சு ஆறவே மாட்டேங்குது. கதிராலயா, கையைக் கழுவிக் கழுவியா, யாரு கண்டா! சுஸ் நகரத்துல எங்க ஆஸ்பத்திரியில இந்த வேலைக்கு நானும் மொன்ஸெஃபும் மட்டும்தான்.

"வசீலா அக்கா, மெஷின் வந்ததும் நான் காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்" என்பான்.

"இப்ப மட்டும் என்னத்தைக் கிழிக்கிறே?" என்பேன்.

அந்த மெஷினுக்காக ரெண்டு வருஷமா எழுதிப் போட்டோம். தள்ளி நின்னு பொத்தானை அமுக்கினா போதும். அதுவே அளந்து அதுவே ஊசியில ஏத்திடும். கை கிட்டப் போகவே வேண்டாம்.

நேத்து காலையில தலைநகர்லேர்ந்து அதிகாரி ஸி லுத்ஃபி வந்து எங்க கோப்பைப் புரட்டினார்.

"ஒரே ஒரு மெஷின்தான் இருக்கும்மா. கதிர் அதிகம் படுற இடத்துக்குத்தான் தரமுடியும். உங்க விரல் கணக்குதான் நாட்டுலயே கம்மி. எப்படி சாதிச்சீங்க? மத்தவங்களுக்கும் சொல்லிக் கொடுங்களேன்."

மொன்ஸெஃப் தரையைப் பார்த்தான்.

கையுறைக்குள்ள போடுற மோதிரம் ஒண்ணு உண்டு. விரல்ல எவ்வளவு கதிர் பட்டுதுன்னு அது காட்டிடும். மாசம் ஒரு தடவை தலைநகருக்குப் போகும். கதிர் அளவு எல்லை தாண்டினா அந்த ஆளை வேலையிலேர்ந்து நிறுத்திடுவாங்க. இருக்கறதே ரெண்டு பேர். ஒருத்தர் போனா பாதி நோயாளி திரும்பிப் போகணும். அதனால மாசத்துல முதல் வாரம் மட்டும் போட்டுக்கிட்டு, அப்புறம் கழட்டி டிராயர்ல வெச்சிடுவோம். பெரிய சாமர்த்தியம்னு நெனப்பு வேற. எங்களுக்கு நாங்களே குழி தோண்டியிருக்கோம்!

"அது பொய்க் கணக்கு சார்" என்றேன். மொன்ஸெஃப், "அக்கா, சும்மா இரு" என்று என் கையைப் பிடிச்சான். நான் இருக்கல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். கட்டைவிரலையும் நீட்டிக் காட்டினேன்.

ஸி லுத்ஃபி மூக்குக் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைக் கசக்கினார். கோபப்படல, அவரும் அலுத்துப்போன மனுஷன்தான்.

"இதை நான் எழுதினா உங்களுக்கு மெஷின் கிடைக்கலாம். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ ஆகும். ஆனா எழுதின நிமிஷமே இந்த அறையைப் பூட்டணும். உங்க ரெண்டு பேரையும் நிறுத்தணும். எழுதட்டுமா?"

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்துல பன்னிரண்டு பேர். கஃப்ஸாவிலேர்ந்து ராத்திரி பஸ்ஸில் வந்த கிழவர் ஒருத்தர், இதயத்தைப் படம் எடுக்கணும்னு ஒண்ணும் சாப்பிடாம உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "மகளே, இன்னும் நேரமாகுமா?" என்று கேட்டார்.

ஒரு வருஷத்துக்கு இவங்க எல்லாம் எங்கே போவாங்க?

"சொல்லும்மா" என்றார் ஸி லுத்ஃபி.

"எழுதாதீங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். நான் கையுறையைப் போட்டுக்கிட்டு, முதல் ஆளைக் கூப்பிடச் சொன்னேன்.