காதுக்குப் பின்னால்

ஒரு தடவை கேட்டதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இரண்டாவது தடவை எதற்குக் கேட்டேன்? அதற்கு மேலும், அதுவும் அந்தக் குரலில்? நேற்றிலிருந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். தயாராகி வரும் கண்ணாடியை வாங்குகிறவர்களின் முகத்துக்கு ஏற்றபடி வளைத்துப் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. குழந்தைகளிடம் “இங்க வலிக்குதா?” என்று கேட்கவே கூடாது என்பது அந்த வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பிடிபட்டுவிட்டது. காதைத் தொட்டுக் கேட்டால் காது என்பார்கள், மூக்கைத் தொட்டுக் கேட்டால் மூக்கு. பெரியவர்களைத் திருப்திப்படுத்துவதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. “எங்கே?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். சற்றுப் பொறுத்தால் விரல் தானாகவே போய் வலிக்கிற இடத்தில் நிற்கும். ஊரார் பிள்ளைகளிடம் இத்தனை நிதானமாக இருக்கத் தெரிந்தவளுக்கு, நேற்று சாயங்காலம் குளியலறையில் தன் பிள்ளையிடம் எல்லாம் மறந்துபோயிற்று.

தலை முழுக்க நுரையோடு நின்ற சுண்டு, பென்சில் தொலைந்துபோனதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். “அம்மா, அலமாரிக்குள்ள ஒளிஞ்சு விளையாடுறப்போ வாலு அக்கா என் துணிக்குள்ள கை விடுறா. வேணாம்னு சொன்னேன். கேக்கவே மாட்டேங்குறா.”

சுண்டுவுக்கு ஐந்து வயது. வாலு அவளுடைய பெரியம்மா பெண், எட்டு வயதுக்காரி. பள்ளி விட்டதும் சுண்டு நேராகப் போவது அந்த வீட்டுக்குத்தான். கடை வேலை முடிந்து இவள் போய் அழைத்துவரும் வரைக்கும் அவளுக்குச் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாமே அங்கேதான்.

“எங்கே?” என்று முதலில் சரியாகத்தான் கேட்டாள். சுண்டு காட்டினாள். அதோடு விட்டிருக்க வேண்டும். “சும்மா கிச்சுகிச்சு மூட்டினாளா?” என்றாள். சுண்டு யோசித்து, “ம்” என்றாள். “தெரியாம கை பட்டுடுச்சா?” “ம்.” “இல்ல, வேணும்னே வெச்சாளா?” அதற்கும் ஒரு “ம்”. நுரை கண்ணில் இறங்கவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “நான் தப்பா சொல்லிட்டேனாம்மா?” என்றது குழந்தை.

“இல்லடா கண்ணு. சொன்னது ரொம்ப நல்லது” என்று சொன்னாள்தான். ஆனால் சொல்ல ஒரு கணம் தாமதமாகிவிட்டது. அந்தக் கணத்தைக் குழந்தை பார்த்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று குதித்தார். சாப்பிட உட்கார்ந்ததும், “எட்டு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? ஊதிப் பெரிசாக்காத” என்றார். இரண்டும் சரியென்றே அவளுக்குப் பட்டது. அதுதான் தொல்லை. அவளும் அக்காவும் ஒரே போர்வைக்குள் உருண்டு வளர்ந்தவர்கள். எந்த இடத்தில் விளையாட்டு முடிந்து வேறொன்று தொடங்குகிறது? “வேணாம்” என்று சொன்ன இடத்திலா? எட்டு வயதுக்கு ஒன்றும் தெரியாது என்றால், வாலு இதை யாரிடமிருந்து கற்றுக்கொண்டாள்? கடைசிக் கேள்வியை மட்டும் அவள் அவரிடம் கேட்கவில்லை.

இன்று லீவு போட்டுவிட்டு, அக்காவிடம் போனில் சொன்னாள். சாயங்காலமே அக்கா வாலுவை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னடி, என் பொண்ணு என்ன ரவுடியா? அவளுக்கு வாலுன்னு பேரு வெச்சதே நீதானே?”

“ஆமாக்கா.”

“ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. விளையாடுறப்போ கை அப்படி இப்படிப் படாதா? பையனா இருந்திருந்தா நானே தோலை உரிச்சிருப்பேன்.” சொல்லிவிட்டு அக்கா குனிந்து, குரலில் சர்க்கரை போட்டாள். “சுண்டு செல்லம், நீ சும்மாதானே சொன்னே? அக்கா மேல கோவத்துல?”

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். உதடு “ம்” சொல்லக் குவிவது தெரிந்தது.

“அவளைக் கேக்காதக்கா” என்று அவள் குறுக்கே புகுந்தாள். “எதுன்னாலும் என்னைக் கேளு.”

வாலு கதவோரம் நின்று சுவரில் பெயர்ந்திருந்த பெயிண்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இவள் பொருத்திக் கொடுத்ததுதான். மற்ற நாளாக இருந்தால் பேச்சோடு பேச்சாக முகத்திலிருந்து உருவி எடுத்திருப்பாள். இன்று கேட்காமல் தொட அவளுக்குக் கை வரவில்லை.

“கண்ணாடியைக் கழட்டித் தரியா வாலு? கோணலா இருக்கு, சரி பண்ணித் தரேன்.”

வாலு தந்தாள். டம்ளரில் வெந்நீர் எடுத்துவந்து, காதில் மாட்டுகிற கண்ணாடிக் காலின் நுனியை இளகுவதற்காக அதில் அமிழ்த்தினாள். “எங்க அழுத்துது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள்.

வெகு நேரம் கழித்து வாலுவின் விரல் வலது காதுக்குப் பின்னால் போனது. முடியை ஒதுக்கிக் காட்டினாள். தோல் சிவந்து, ஒரு கீற்று உரிந்தே போயிருந்தது.

“இதைக்கூட எங்கிட்ட சொல்லலியேடி!” என்றாள் அக்கா.

ஏன் சொல்லவில்லை என்று இவளுக்கும் கேட்கத் தோன்றியது. விழுங்கிக்கொண்டாள். “வாலு, சித்தி உன்னை அடிக்க மாட்டேன். சுண்டு வேணாம்னா வேணாம்தான். புரியுதா? உன்கிட்ட யாராவது அந்த மாதிரி விளையாடினாலும் நீயும் வேணாம்னு சொல்லலாம். சொல்ல முடியலன்னாலும் பரவால்ல, அப்புறமா எங்கிட்ட வந்து சொல்லு.”

வாலுவின் கண்ணாடியில்லாத கண்கள் எதையோ தேடுவது போலத் தன் அம்மாவின் பக்கம் போயின, பிறகு தரைக்குத் திரும்பின. அதற்கு என்ன அர்த்தம் என்று இவளுக்குத் தெரியவில்லை. அர்த்தம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

“என்னடி கேக்குற அவளை?” அக்காவின் குரல் உயர்ந்து, பாதியிலேயே உடைந்தது. “எங்க வீட்ல யாருடி இருக்கா?”

அது கோபமில்லை. அக்காவுக்குப் பயம் வந்தால் இப்படித்தான் கத்துவாள்.

“எனக்குத் தெரியலக்கா. சேர்ந்து பாக்கலாம். விவரம் தெரிஞ்ச டாக்டர் யாராவது இருப்பாங்க, நானும் கூட வரேன்.”

“ஒண்ணும் வேணாம். ஒண்ணும் நடக்கல.” அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிறு வயதிலிருந்து அவர்களிடையே எந்தச் சண்டையும் ஒரே மாதிரிதான் முடியும். இரண்டு பேரும் கட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் அதையே பழக்கியிருந்தார்கள். “ரெண்டு பேரும் வாங்க. கட்டிக்கோங்க பாப்போம். அவ்ளோதான், முடிஞ்சு போச்சு. நாளைக்கு எப்பவும் போல அனுப்பி வெச்சிடு.”

வாலு பழக்கத்தில் ஓரடி முன்னால் வந்தாள். சுண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே, நல்ல பிள்ளையாக, கட்டிக்கொள்ள இரண்டு கைகளையும் மெல்ல விரித்தாள்.

“வேணாம்க்கா” என்றாள் சுண்டுவின் அம்மா.

“எது வேணாம்?”

“ரெண்டும். கட்டிக்கிறதும், நாளைக்கு அனுப்புறதும்.”

“என் வீடு வேணாமாடி உனக்கு?”

நாளைக்குச் சுண்டு எங்கே இருப்பாள் என்பது இவளுக்கே இன்னும் தெரியாது. சுண்டுவின் கைகள் கீழே இறங்கி, இவளுடைய புடவை மடிப்பைப் பற்றிக்கொண்டன. வெந்நீரிலிருந்து எடுத்து வளைத்த கண்ணாடிக் கால் இன்னும் சூடாக இருந்தது. ஆறுவதற்குள் விட்டுவிட்டால் பழைய கோணலுக்கே திரும்பிவிடும். வாலு வெறுங்கண்ணோடு காத்துக்கொண்டிருக்க, அவள் அதை விரல்களுக்கிடையே அசையாமல் பிடித்தபடி நின்றாள்.