மீரா பீவிக்கு யாரும் சொல்லாத வைத்தியர்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியரைச் சொல்லி, என் காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்கள். இடுப்புக்கே இந்தப் பாடு என்றால், அந்தக் காலத்தில் பிள்ளையில்லாதவள் என்ன பாடு பட்டிருப்பாள்?

மலாயாவின் பத்து பாகாட் ஊர் ஆற்றில் அந்தி மயங்கிய வேளையில், மீரா பீவி தன் நீள்விழிகளை—

(வேண்டாம். அவளுக்கு அந்தி பார்க்க ஏது நேரம்?)

2

1931. துணிக்கடை உதுமானின் மனைவி மீரா பீவி. கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் வயிறு திறக்கவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் மகனுக்கு இரண்டாவது நிக்காஹ் என்று மாமியார் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டு சம்சாத் பேகம் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "மூவார்ல ஒரு மலாய் மருத்துவச்சி இருக்கா, லாத்தா. வயித்த உருவி விட்டா போதும். இந்தா, சாட்சி!"

எதிர்வீட்டு ராசம்மா சீன வைத்தியரைச் சொன்னாள். அவளும் சாட்சியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். மீரா எல்லாரிடமும் போனாள், எல்லாக் கசாயத்தையும் குடித்தாள். சாட்சிகள் அவள் மடியை நனைத்துவிட்டுப் போனதுதான் மிச்சம்.

(அடிக்குறிப்பு: பலிக்காதவள் சிபாரிசு செய்ய வருவதில்லை. எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது.)

3

அவளுக்கும் உறைக்க வைத்தேன்.

"போயும் பலிக்காத ஒருத்தியக் காட்டு, பாப்போம்" என்று சம்சாத்திடம் எரிந்து விழுந்தாள்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வெள்ளையம்மாவைக் காட்டினாள் சம்சாத்.

"நான் போகாத எடமில்லம்மா," என்றாள் வெள்ளையம்மா. "அப்பறம் எம்புருசன் ரெண்டாவதா ஒருத்தியக் கட்டுனாரு. அவளுக்கும் இல்ல. இப்ப ரெண்டு பேரும் சேந்து அரசமரத்தச் சுத்துறோம்."

"அவர யாருகிட்டயும் காட்டலியா?"

"அலமாக்! ஆம்பளையவா?" மலாய்க்காரி மாதிரி கன்னத்தில் கை வைத்தாள் வெள்ளையம்மா.

மீராவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தாள்.

4

அன்று சோறு பரிமாறும்போது சொல்லிவிட்டாள். "சிங்கப்பூர் டாக்டர்கிட்ட போலாங்க. நீங்களும் காட்டணும்."

உதுமானின் கை சோற்றில் நின்றது.

முதல் முடிவு: தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். (நடக்கக்கூடியதுதான். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

இரண்டாவது: "சரி, போலாம்" என்றான். (எனக்கே சிரிப்பு வந்தது.)

மூன்றாவது: "உம்மாகிட்ட கேட்டு—

போதும், அலுத்துவிட்டது. இந்த ஆளை என்னால் அசைக்க முடியவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, தெரிந்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவன் என்ன சொன்னான், அதைச் சொன்னால் போதும். மீரா பீவி கையில் அகப்பையோடு நிற்கிறாள். கேட்டது கேட்டதுதான், இனி அவள் விழுங்கப் போவதில்லை.