பின்பக்கம், வலது கீழ் மூலை

இடது காலில் ஷூ ஏறவில்லை. குட்டி தரையில் மண்டியிட்டு, அண்ணனின் குதிகாலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, கரண்டிக் காம்பை உள்ளே விட்டு நெம்பிப் பார்த்தாள். முன்பாதம் போயிற்று. குதிகால் வெளியே நின்றது. அமரர் வண்டி பதினொரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது மணி ஒன்பதேகால்.

"விடு குட்டி. கால்மேல போர்வையை இழுத்து விட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது," என்றார் டிப்போ மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம் அண்ணன் ஓட்டிய பஸ்ஸுக்குக் கீழே படுத்துக் கிடந்த மனிதர்.

"புது ஷூ. வாங்கி நாலு மாசம்கூட ஆகல. மறுபடி வேலைக்குப் போற அன்னிக்குப் போடணும்னு வச்சிருந்தான்."

"தெரியுமே. கால்கூட இளைச்சிருச்சுடா, ரெண்டு அளவு குறைஞ்சிருச்சுன்னு என்கிட்ட வந்து காட்டினான். கல்யாண மாப்பிள்ளை தோத்தான் போ."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியாமல் வாசல் பக்கம் போய்விட்டார்.

முப்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவள் குட்டிதான். அண்ணன் வைத்த பெயர். அவன் நூற்று நாற்பத்தாறு கிலோ இருந்தவன். ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிறது, இருதயமும் பலவீனம், எடையைக் குறைக்காமல் பஸ்ஸைத் தரமாட்டோம் என்று டிப்போவில் இறக்கிவிட்டார்கள். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டான். ஒரு டீ கப் கொள்ளும் அளவுக்கு வயிறு. ஏழு மாதத்தில் ஐம்பத்திரண்டு கிலோ போயிற்று. பழைய பேன்டின் ஒரே காலுக்குள் இரண்டு காலையும் விட்டு நின்று வீட்டையே சிரிக்க வைத்தான்.

அப்புறம்தான், ஐந்து வாரத்துக்கு முன்னால், எடை ஏறத் தொடங்கியது.

குட்டி ஷூவை உருவினாள். உருவும்போது அவள் கட்டைவிரல் அவன் கணுக்காலுக்கு மேல் அழுந்தியது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பிசைந்த மாவில் பதிந்த மாதிரி. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், மேலே எழும்பவில்லை.

நாலு நாளைக்கு முன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இதே இடத்தைத்தான் அழுத்தினாள். "இது கொழுப்பு இல்லம்மா, நீர். உடம்புல உப்பு தங்கி நீரைப் பிடிச்சு வச்சிருக்கு. இருதயம் தாங்கல. உப்பு எங்கேர்ந்தோ போயிட்டே இருக்கு, என்ன குடுக்கறீங்க?" அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் வீட்ல உப்பு டப்பாவே கிடையாது. ஆபரேஷன் முடிஞ்சு வந்த அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன். இவருதான் எங்கேயோ எதையோ வாங்கி ஒளிச்சு வச்சுத் திங்கறாரு." ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்று. யாரும் நம்பவில்லை. குட்டியும் நம்பவில்லை.

எங்கேர்ந்தோ. அந்த வார்த்தை நாலு நாளாகச் செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி அவளை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது எழுந்தாள். தெரிந்தவர்களுக்குத் தலையை ஆட்டியபடி கூடத்தைக் கடந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சாப்பாட்டு அலமாரியில் பூட்டு தொங்கியது. அண்ணி போட்ட பூட்டு. சாவி அவள் கழுத்துக் கயிற்றில். ஆனால் சூப் பாக்கெட்டுகள் வெளியே, அடுப்புக்குப் பக்கத்தில்தான் அடுக்கியிருந்தன. அவை பத்தியச் சாப்பாடு, பூட்டத் தேவையில்லை. குட்டி கொண்டுவந்து கொடுத்தவை.

அவள் சூப்பர் மார்க்கெட் கிடங்கில் விலை ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். ஒரு நாளைக்கு மூவாயிரம் ஒட்டுவாள், கண்ணை மூடிக்கொண்டும் ஒட்டுவாள். முன்பக்கப் படத்தை மறைக்கக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். பின்பக்கம், வலது கீழ் மூலை, ஒரு இழை பிசகக் கூடாது. அட்டைப்பெட்டி நசுங்கி வந்தால் உள்ளே இருப்பதை வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். முன்பக்கத்தில் பெரிய பச்சை எழுத்தில் 'கொழுப்பு குறைவு, சர்க்கரை சேர்க்கவில்லை' என்று இருந்ததால் அண்ணனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தையும் வரிவரியாகப் படித்துத்தான் அடுப்பில் வைத்தாள். கலோரி அறுபது. கொழுப்பு ஒன்று. சர்க்கரை ரெண்டு. புரதம் நாலு. அதற்குக் கீழே ஸ்டிக்கர்.

குட்டி ஒரு பாக்கெட்டைத் திருப்பினாள். தான் ஒட்டியது. நேராக, அழகாக, ஒரு இழை பிசகாமல். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். பாதியில் கிழிந்தது. மீதியைச் சுரண்டி எடுத்தாள்.

உப்பின் கணக்கு. சோடியம், தொள்ளாயிரத்துப் பத்து மில்லிகிராம். அதற்கும் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி: மேற்கண்ட அளவுகள் ஒருவருக்கு, இந்தப் பாக்கெட் இருவருக்கு.

டாக்டர் அவனுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே இரண்டாயிரம்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவன் ஒரு பாக்கெட்டை முழுதாகக் குடிப்பான். ஒரு மணி நேரம் கப்பை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக உறிஞ்சுவான். "நீ கொண்டாந்ததுதான் குட்டி வாய்க்கு ருசியா இருக்கு. உங்க அண்ணி சமையல் உப்பில்லாப் பண்டம்," என்று கண்ணடிப்பான். முதலில் ஒரு வேளைதான் குடித்தான். எடை ஏறியதும் அண்ணி கத்தினாள், அலமாரியைப் பூட்டினாள். குட்டியும் தன் பங்குக்கு, "எலி வந்து தின்னுட்டுப் போச்சாண்ணா?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். மறுநாளிலிருந்து, "எனக்குச் சாப்பாடே வேணாம், மூணு வேளையும் சூப்பே போதும். அப்பவாவது இறங்குதா பார்ப்போம்," என்றான். இறங்கவில்லை. குட்டி இன்னும் நிறைய கொண்டுவந்தாள்.

குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். அப்புறம், தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே, கிழித்ததையும் மீதிப் பாக்கெட்டுகளையும் எடுத்துத் தன் தோள்பைக்குள் திணிக்கத் தொடங்கியிருந்தாள். ஒன்பது பாக்கெட். தெருமுனையில் குப்பைத்தொட்டி இருக்கிறது. பதினொரு மணிக்கு வண்டி வந்துவிடும், அதோடு முடிந்தது. எவனுக்குத் தெரியப்போகிறது? பையின் ஜிப் மூடவில்லை. துப்பட்டாவை மேலே போட்டு மறைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

பெரியப்பா நாற்காலியை அண்ணனின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். செத்த வீடோ கல்யாண வீடோ, அவருக்குச் சொல்ல ஒன்று இருக்கும்.

"வாயைக் கட்டியிருந்தா இன்னும் இருபது வருஷம் இருந்திருப்பான்," என்றார். "வயித்தையே வெட்டித் தைச்சும் திருட்டுத் தீனியை விடல. யாரை நொந்து என்ன? உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்."

குட்டி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழமொழியாகத்தான் சொன்னார், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

"பூட்டிக்கூடப் பார்த்துட்டேன் பெரியப்பா," என்றாள் அண்ணி. "கடைசி மாசம் அவர்கூட முகம் கொடுத்தே பேசல. சத்தியமா எதையும் தொடலம்மான்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு. பொய் சொல்லாதீங்கன்னு கையை உதறிட்டேன். எனக்கென்ன அவர்மேல ஆசை இல்லையா? பயம். ஏறுதே ஏறுதேன்னு பயம்."

"நீ என்னம்மா பண்ணுவ. அவன் நாக்கு அப்படி."

அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். எப்போதும் ஏதாவது பதில் வைத்திருப்பவன். வெறுங்கால் இரண்டும் போர்வைக்கு வெளியே தெரிந்தன. இடது கணுக்காலில் குழி இன்னும் இருந்தது.

"பெரியப்பா, போதும்," என்றாள் குட்டி.

எல்லோரும் திரும்பினார்கள். பைக்குள் கைவிட்டு, ஸ்டிக்கர் கிழித்த பாக்கெட்டை எடுத்து அண்ணியின் மடியில் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணன் திருடித் திங்கல அண்ணி. இதுல இருந்திருக்கு உப்பு. பாக்கெட் பாக்கெட்டா நான்தான் கொண்டாந்தேன். உப்பு எவ்வளவுன்னு போட்டிருந்த இடத்துல நான்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். ஏறினது கொழுப்பு இல்ல. வெறும் தண்ணி. அந்த நர்ஸ் சொன்னாளே, அதான். நான்தான் அண்ணி."

அண்ணி பாக்கெட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தாள். கண்ணாடி இல்லை. கிழிந்த மூலையைக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு தரம் படித்து, மறுபடியும் படித்தாள். குட்டி கன்னத்தில் அறை விழும் என்று காத்திருந்தாள். அறைந்தால் தேவலை என்று இருந்தது.

"நீ கொண்டாந்த," என்றாள் அண்ணி கடைசியில். "கொதிக்க வச்சு மூணு வேளையும் நீட்டினது நான்."

"நீங்க படிச்சுப் பார்த்துத்தானே அண்ணி..."

"அவரு எதையும் எடுக்கல."

"எடுக்கல."

"ஒரு பிஸ்கட்டுகூட."

"இல்லண்ணி."

அண்ணி எழுந்து உள்ளே போனாள். கட்டிலைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். குட்டிக்கு உள்ளே போக பயமாகவும் போகாமலிருக்க அதைவிட பயமாகவும் இருந்தது. எழுந்து நாலடி வைப்பதற்குள் அண்ணியே திரும்பி வந்துவிட்டாள். கையில் அண்ணனின் பழைய ஷூ. பழுப்பு நிறம், முறம் மாதிரி அகலம், கிளட்ச் மிதித்து மிதித்து இடதின் அடிப்பாகம் தேய்ந்திருந்தது. இளைத்த பிறகு அவனே தூக்கிப் போடச் சொல்லியும் அண்ணி கட்டிலடியில் போட்டு வைத்திருந்தது.

அவள் தன் முந்தானையால் தூசியைத் துடைத்து இடது காலில் மாட்டினாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. வலதும் போயிற்று. பிறகு கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றி, அலமாரிச் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் மடிப்பை நீவி விட்டாள்.

"அந்தப் பக்கத்து லேஸை நீ கட்டு," என்றாள் குட்டியிடம். "இறுக்காதே."

குட்டி குனிந்து, இறுக்காமல் கட்டினாள்.