வெள்ளை வானவில்

வானவில்லுக்கு வெயில்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் அணையில் இரவு வேலை பார்த்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் நான்கு மதகுகளும் திறந்திருக்கும்போது, கீழே விழுகிற தண்ணீர் புகையாகக் கிளம்பி மதகுப் பாலத்துக்கு மேலே வரும். முழுநிலா ஏறி இரண்டு மணி நேரத்துக்குள், நிலாவுக்கு முதுகைக் காட்டி நின்றால் அந்தப் புகையில் ஒரு வில் நிற்கும். வருஷத்தில் ஐந்தாறு நாள். மேகம் வந்தால் அதுவும் இல்லை.

மணிக்கு ஒரு தடவை நீர்மட்டத்தைக் குறிப்பதும், போன் வந்தால் மதகை ஏற்றி இறக்குவதும் என் வேலை. இயற்பியல் படிப்பை இரண்டாம் வருஷம் பாதியில் விட்டவனுக்கு இது போதும்.

வில்லைப் பார்க்க அக்காவைப் பத்து வருஷமாகக் கூப்பிட்டேன். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். விடிவதற்கு முன் எழ வேண்டும். "தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வந்து தண்ணியப் பார்க்கணுமா? வீட்டுக் குழாய்லயே வருதுடா" என்பாள். நான் எடுத்த போட்டோ ஒன்றை மட்டும் வாங்கிச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

இந்த மழைக்காலத்தில் அவளாகவே கூப்பிட்டாள்.

"இந்தத் தடவை வர்றேன்டா. வந்து கூட்டிட்டுப் போ."

"வேன்லயே வாயேன். பத்து நிமிஷம்தானே."

"உன் தண்ணியப் பார்க்க என் டீசலா? ஒழுங்கா வந்து கூட்டிட்டுப் போ."

எனக்கு எதுவும் தோன்றவில்லை. பைக்கில் கூட்டி வந்தேன்.

எனக்கு முந்தைய ஷிப்ட் பார்க்கிறவரை எல்லோரும் கொட்டாவி என்றுதான் கூப்பிடுவோம். ஏன் என்று அவரிடம் ஐந்து நிமிஷம் பேசினால் தெரிந்துவிடும். கிளம்பத் தயாராக நின்றவர் அக்காவைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"அட, வேன் அக்கா! பத்து வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"வழி எப்பவோ தெரியும்ணே. உங்க மூஞ்சியப் பார்க்கணுமேன்னுதான் வரலை."

அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சிரித்தார். "போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இருக்கேன். போற வழியில உங்களை வீட்ல விட்டுடறேன்."

பாலத்து விளக்குகளை அணைத்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் பயமாக இருக்கிறது என்றாள். இருக்கும். நான்கு மதகுத் தண்ணீர் விழும்போது கைப்பிடிக் கம்பியே உறுமும்.

பாலத்தின் நடுவில் நிறுத்தினேன். வில் இருந்தது. ஒரு கரையிலிருந்து மறுகரைவரை, சாக்பீஸால் வளைவாக ஒரு கோடு போட்டுக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டதுபோல. அதற்கு உள்ளே புகை லேசாக வெளுத்திருந்தது, வெளியே இருட்டு. தண்ணீர் எவ்வளவு புரண்டாலும் வில் அசையாது. நாம் நகர்ந்தால் கூடவே நகரும்.

"தெரியுதாக்கா?"

"அடேயப்பா! மேல சிவப்பு, அடுத்து மஞ்சள், பச்சை. ஊதா மட்டும் லேசா இருக்கு. அந்த போட்டோவுல பார்த்த மாதிரியே இருக்குடா."

அவள் முகம் வில்லின் பக்கமே இல்லை. சத்தம் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபது தடவையாவது பார்த்திருப்பேன். ஒரு தடவைகூடச் சிவப்பைப் பார்த்ததில்லை. அவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறம் பிரிக்க வராது. கேமரா அரை நிமிஷம் திறந்து கிடந்து வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும், அதனால் போட்டோவில் நிறம் விழும். இதை நான் அக்காவிடம் சொன்னதே இல்லை. ஆசையாகக் கதவில் ஒட்டுகிறவளிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு மாலைக்கண்ணில்தான் ஆரம்பித்தது. லேத் பட்டறையில் இரண்டு விரல் போன பிறகுதான் பார்வை போவதாக வாயைத் திறந்தார். விழித்திரை நோய், பிள்ளைகளுக்கும் வரலாம், இரண்டு பேரையும் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு இல்லை. தனக்கும் இல்லை என்று அக்கா சொன்னாள். ரிப்போர்ட்டை நான் கேட்கவில்லை.

"அக்கா, இதுல கலர் கிடையாது."

"என்னடா சொல்ற?"

"வெறும் கண்ணுக்கு வெள்ளையாத்தான் தெரியும். எல்லாருக்கும்."

சட்டைக் கையை அவள் விடவில்லை. விட்டால் அவளால் நிற்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம். பகல்ல நல்லாத் தெரியுதுடா, சத்தியமா."

"காலையில ஆறு மணி பகலா?"

"ஹெட்லைட் இருக்கு. ரோடு எனக்கு மனப்பாடம்."

"போன மாசம் ஸ்கூல் கேட்ல இடிச்சியே, அதுவும் மனப்பாடமா?"

அவள் இன்னொரு கையால் கைப்பிடிக் கம்பியைத் தடவிப் பிடித்தாள்.

"அப்புறம் எதுக்கு வந்த?"

"லேசாவாவது தெரியும்னு நெனைச்சேன். அடுத்த வருஷம் அப்படி நெனைச்சுக்கூட வர முடியாதே."

சாரல் இரண்டு பேர் முகத்திலும் வழிந்தது. வில் அப்படியே நின்றது.

"பதினாலு பசங்கக்கா."

"எனக்குத் தெரியாதா? எது ஜன்னலுக்குச் சண்டை போடும், எது வளைவுல வாந்தி எடுக்கும், எல்லாம் தெரியும். உனக்குத் தெரியுமா?"

"நாளைக்கு ஓட்டாதே."

"அரையாண்டுப் பரீட்சை முடியட்டும். ரெண்டே மாசம்."

"நீ சொல்றியா, நான் ஸ்கூலுக்குச் சொல்லவா?"

"நீ காலேஜை விட்டுட்டு சினிமா தியேட்டர்ல குந்தியிருந்தப்ப, ஒரு வருஷம் அப்பாகிட்ட நான் மூச்சு விடலையே!"

"நான் படிப்ப விட்டதுல யாரும் சாகலை."

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் சட்டையைப் பிடித்தபடியே திரும்பி நடந்தாள். எப்படி இருந்தது என்று கொட்டாவி கேட்டார். "நல்லா இருந்துச்சுண்ணே" என்றாள். அவருடைய வண்டியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு நீர்மட்டத்தை மணி தவறாமல் குறித்தேன். ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் செய்தேன். தூக்கத்திலிருந்து எழுந்த அந்த அம்மாவுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும், "வேற யாருக்காவது இது தெரியுமா?" என்றார். அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

காலை ஷிப்ட் ஆளைச் சீக்கிரம் வரவழைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இன்னும் இருட்டு விலகவில்லை. வேன் கண்ணாடிகளைத் துடைத்து முடித்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சாவி போட்டிருந்தது. திருப்பவில்லை.

"சொல்லிட்டியா?"

"அஞ்சு மணிக்கே சொல்லிட்டேன்."

"அந்தம்மா தூங்கிட்டு இருந்திருக்குமே. பாவம்."

பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். தெருவில் எதிர்வீட்டுச் சுவர், அதை ஒட்டிப் படுத்திருந்த நாய், கால்வாய் மூடி, எல்லாம் எனக்குத் தெரிந்தன. அவளுக்கு என்னென்ன தெரிகின்றன என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆறேகாலுக்கு முதல் போன் வந்தது. "இன்னைக்கு வண்டி வராதும்மா, நீங்களே கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள் அக்கா. அடுத்த போனுக்கும் அதேதான். குரல் உடையவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள்.

ஐந்தாவது போனில் ஒரு சின்னப் பெண். சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"வேன் அக்கா, நான் ரெடி. எங்க இருக்கீங்க?"

"இன்னைக்கு வரலைடா செல்லம்."

"நாளைக்கு?"

அக்கா போனை என் பக்கம் நீட்டினாள். "நீ சொல்லு."

வாங்கிக்கொண்டேன். "நாளைக்கும் வர மாட்டாங்க."

"ஏன்?"

"கண்ணு சரியில்லை."

அக்கா சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.