கறங்கி நடக்கிறவள்

ஒற்றப்பாலத்துக்குப் பக்கத்தில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளியில் நடந்தது இது. ஆறாம் வகுப்பு மலையாளத் தேர்வில் 'கறங்குக' என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருந்தார் மலையாள ஆசிரியர் உண்ணி மாஷ். சுழல்வது என்று பொருள். ஃபேன் கறங்குகிறது, பம்பரம் கறங்குகிறது என்று பிள்ளைகள் எழுதினார்கள். வினயா மட்டும், 'என் அம்மா நாள் முழுவதும் கறங்கி நடக்கிறாள்' என்று எழுதிவிட்டாள். ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால், வீடு தங்காமல் ஊர் சுற்றுகிறாள் என்று அர்த்தம்.

பெற்றோர் கூட்டத்தில் மாஷ் அதை உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வினயா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கடைசி பெஞ்சிலிருந்து அவள் அம்மா ஷைலஜா எழுந்தாள். பஞ்சாயத்துக்காக வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கிறவள். வேலைக்குப் போடும் பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"மாஷே, இதுல என்ன தப்பு?"

"குழந்தை அர்த்தம் தெரியாம எழுதிட்டா, ஷைலஜா. விடுங்க."

"தெரிஞ்சுதான் எழுதியிருக்கா. தெருவுல என்னைப் பத்திப் பேசறது அவ காதுலயும் விழுது. இங்க சிரிச்சவங்கள்ல பாதிப் பேர் பேசினதுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"நூத்தம்பது வீடு எனக்கு. உங்க வீடும் அதுல ஒண்ணு. நான் கறங்கலேன்னா உங்க வாசல் நாறிடும். சரி, அது கிடக்கட்டும். போர்டுல எழுதுங்க மாஷே. எங்க தப்புன்னு சுழிச்சுக் காட்டுங்க."

"இது என்ன வம்பு! வேணும்னா அரை மார்க் போடறேன், உக்காருங்க."

"பிச்சையா கேட்டேன்? தப்புன்னா முட்டை போடுங்க. சரின்னா முழுசாப் போடுங்க."

மாஷ் சாக்பீஸை எடுத்து வாக்கியத்தை எழுதினார். எழுவாய் இருந்தது, வினை இருந்தது, எழுத்துப் பிழைகூட இல்லை.

"வாக்கியம் சரியாத்தானே இருக்கு, உண்ணி?" என்றார் தலைமையாசிரியை ஏலியாம்மா டீச்சர்.

மாஷ் முழு மார்க்கையும் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் ஷைலஜா விடைத்தாளை வினயாவின் கையில் கொடுத்தாள். மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "நீயும் அப்படித்தான் நெனைக்கறியாடீ?"

"இல்லம்மா. எல்லாரும் சொல்றாங்கன்னு எழுதிட்டேன். மாஷ் படிச்சுக் காட்டுவார்னு தெரியாது." வினயா தாளைக் கிழிக்கப் போனாள்.

"கிழிக்காத. மார்க் வாங்கினது அது."

தெரு ஒன்றும் திருந்திவிடவில்லை. இன்றும் யாராவது, "கறங்கக் கிளம்பியாச்சா?" என்று கேட்பார்கள். "ஆமா, நீயும் வரியா?" என்பாள் ஷைலஜா. அப்படிக் கேலி செய்தவர்களில் ஒருத்தி, பத்மஜா, போன ஓணம் கழிந்ததும் நிஜமாகவே ஒரு பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பிவிட்டாள். பத்மஜாவின் மாமியார் வாசலில் நின்று கத்தினாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.