எலிசாவுக்கு எத்தனை மதிப்பெண்

1

வராந்தாவில் அன்று இருந்தவர்கள்: வாசலைப் பார்த்து, மேசைக்குப் பின்னால், பூதப்பாண்டிக்காரரான சர்க்கார் குமாஸ்தா சிவதாணு. அவருக்கு இடப்பக்கப் பெஞ்சில் எலிசா. அவளை ஒட்டி, ஆனால் அவள் பக்கம் திரும்பாமல், அடுத்த கட்டில்காரி செல்லத்தாய். தூணோரம், அந்த முதியோர் மடத்தை நடத்தும் செசிலி மதர். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டிருந்தார்.

யார் யார் எங்கே இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுவது கடிதம் எழுதி எழுதி எனக்கு வந்த பழக்கம். கதைக்கு ஆகாது என்பார்கள். இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதமும் கதைக்கு ஆகாததுதான். பஸ்ஸுக்கு நின்றபோது சிவதாணு சொன்னார்: "சொகமா இருக்கதும் ஒரு குத்தமாப் போச்சுவே." அவ்வளவுதான். மீதி நான் கட்டியது.

2

தொடக்கங்கள் சில, கைவிட்டவை:

குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர் மரங்களின் நடுவே, அமைதியே உருவான அந்த மடம் — (அமைதி எங்கே? விடிந்தால் இருமல், பொழுதடைந்தால் சண்டை.)

முதுமை என்பது — (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

ஐம்பத்து மூன்றாம் வருஷம், வயசாளிகள் எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள் என்று அளப்பதற்கு, மடங்களுக்குப் பணம் தரும் சர்க்கார் மேலாபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. (சரி, இதிலேயே போகலாம்.)

சோறு, உறக்கம், நோவு, துணை, மனசு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். சிவதாணு முதல் தடவை வந்து கேட்டபோது எல்லோருக்கும் பத்துக்குப் பத்து.

[வெளியூர் வாசகருக்கு: இந்தப் பக்கத்தில் 'சாப்டாச்சா' என்றால் வயிறு காய்கிறவரும் 'ஆச்சு' என்பார். சோறு போட்டவர் பக்கத்தில் நிற்கும்போது குறை சொல்வது, சாப்பிட்ட இலையில் காறித் துப்புவது மாதிரி. தாள் அச்சடித்தவர்களுக்கு இது தெரியாது. சிவதாணுவுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னதைத்தானே எழுத முடியும்?]

மேலாபீஸிலிருந்து பதில் வந்தது. இவ்வளவு சுகமாக இருப்பவர்களுக்கு மடம் எதற்கு? உறவு உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பலாம். பட்டியலில் உறவு உள்ளவள் எலிசா ஒருத்திதான். மகன் கிளீட்டஸ் கூட்டிப்போகச் சம்மதித்துவிட்டான். அதற்குமுன் இன்னொருமுறை அளந்து பார்த்து, மாற்றம் இருந்தால் எழுதலாம். அதற்குத்தான் சிவதாணு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார்.

3

எலிசா எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதலில் அவளை அழவைத்து எழுதினேன். தலையில் மீன்கடவம் சுமந்து ஊர் ஊராக விற்று நடந்தவள், அப்படியெல்லாம் அழமாட்டாள். மகனைக் கெட்டவனாக்கவும் பார்த்தேன், அதுவும் நிற்கவில்லை. கிளீட்டஸ் நல்லவன். மருமகள் லீமாவும் வேளா வேளைக்குச் சோறு வைக்கிறவள்தான். வாசலோரம் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"அங்க எனக்கு என்ன கொற சாரே? என்னப் பேரு சொல்லி விளிக்க ஒரு ஆளு கெடையாது. அவ்வளவுதான்," என்றாள் எலிசா.

"அப்பம் இங்க இருக்கணுமானா இங்க ஒரு கொற சொல்லும். ஒண்ணாவது. நான் எழுதுகேன்," என்றார் சிவதாணு.

எலிசா அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

செசிலி மதர்தான் முன்னால் வந்தார். "சோறு வேவலன்னு சொல்லும் எலிசாம்மா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"வெந்த சோத்த வேவலன்னு நான் எப்பிடி மதர் சொல்லுவேன்? நாக்கு அழுகாதா?"

"ஒறக்கம் இல்லன்னாவது?"

செல்லத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "இவளுக்கா ஒறக்கமில்ல? இவ விடுக கொறட்டையில எனக்காக்கும் ஒறக்கமில்ல. எனக்கக் கணக்குல எழுதும் சாரே."

"நீ மட்டும் என்னட்டி? ராத்திரி முழுக்க சன்னலச் சாத்து, தொறன்னு உசிர வாங்குகா."

சிவதாணுவுக்கு ஒரு வழி தெரிந்தது. தாளில் துணைக்கு நேரே, 'சச்சரவு இருந்தால் மதிப்பெண் குறைக்கவும்' என்று இருந்தது. பேனாவைத் திறந்தார். "அப்பம் உங்களுக்குள்ள சண்டை."

இருவரும் ஒரே சமயம் அவரைப் பார்த்தார்கள்.

"சண்டையா? ஆரு சொன்னா?" என்றாள் எலிசா.

"நாங்க பேசிட்டிருக்கோம்," என்றாள் செல்லத்தாய். பிறகு குரல் தாழ்த்தி: "இங்க வந்தப்போ இவ வாயே தொறக்க மாட்டா சாரே. இப்பம் பாத்தீரா, என்னா பேச்சு."

சிவதாணு பேனாவை மூடினார். இந்த இடத்தில் எனக்கும் எழுதச் சலித்தது. இங்கே நன்றாக இருப்பதால்தான் அவளை இங்கிருந்து அனுப்பப்போகிறார்கள். அதை எழுதத் தாளில் கட்டமே இல்லை.

4

முடிவுகள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்:

அ. சிவதாணு துணைக்கு இரண்டு போடுகிறார். எலிசா மடத்திலேயே இருக்கிறாள், பொய்யும் இருக்கிறது. (அவர் போட்டுவிடுவார். அவள் கேட்பாள், 'என்ன எழுதினீரு, வாசியும்' என்று. வாசிக்க முடியாது.)

ஆ. கிளீட்டஸ் மனம் மாறி — (மாறமாட்டான். நல்லவன், மாற என்ன இருக்கிறது?)

இ. செல்லத்தாய் இறந்து — (சே.)

நான் கட்டியவரை நடந்தது இது. சிவதாணு பத்துக்குப் பத்தே போட்டார். பிறகு வேறொரு வெள்ளைத் தாளை எடுத்து, கடித முறைப்படி, வராந்தாவில் யார் எங்கே இருந்தார்கள் என்பதில் தொடங்கி, நடந்த பேச்சை ஒன்றுவிடாமல் எழுதினார். கடைசியில்: 'மேற்படி மதிப்பெண் இந்த மடத்தில், இந்தக் கட்டிலில், இன்னார் பக்கத்தில் இருக்க எடுத்தது. வேறு இடத்துக்கு இது செல்லாது.'

உரக்க வாசித்துக் காட்டினார். எலிசா கேட்டாள்: "வாசிப்பாவளா சாரே, இல்ல மார்க்க மட்டும் பாப்பாவளா?"

"தெரியாது."

"போட்டும். உள்ளதத்தானே எழுதியிருக்கு."

உறை ஒட்டும் பசை தீர்ந்திருந்தது. எலிசா அடுக்களைக்குப் போய் உள்ளங்கையில் கொஞ்சம் சோறு கொண்டுவந்து, பருக்கைகளை நசுக்கி உறையின் ஓரத்தில் தேய்த்தாள். "கொழையாத்தான் வெந்திருக்கு மதர்," என்றாள்.

ஆபீஸின் பதிலை நான் எழுதப்போவதில்லை. அந்த உறையை இப்போது பிரிக்கவேண்டியவர் நீங்கள். கடிதத்தை வாசிப்பதும் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதும் உங்கள் பாடு.

சிவதாணு பஸ் நிற்கும் சந்திப்புவரை நடந்தார். தபால்பெட்டி நிறைந்து கிடந்தது. உறையை உள்ளே தள்ளிவிட்டு, அது முழுக்க இறங்கியதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.